ஐந்து நாளைக்கு ஒருமுறை

மெடிக்கல் கடையில் டயப்பரை
ஒத்தை ஒத்தையாய் விற்பவன் நான்.
பாக்கெட்டைப் பிரித்து, ஒன்று பன்னிரண்டு ரூபாய்.
வாங்குபவர்கள் பெரும்பாலும் எங்காவது கிளம்புகிறவர்கள்.
அரூர் பஸ், பெங்களூர் பஸ், பெரியாஸ்பத்திரியில் ஊசி.
"ராத்திரிக்கு மட்டும் ஒன்னு குடுங்க" என்பார்கள்,
தூக்கத்தை விலைக்குக் கேட்பதுபோல.

எங்கள் வீட்டில் கணக்கு வேறு.
குமாரசாமிப்பேட்டையில் எங்கள் குழாய்க்கு
ஒகேனக்கல் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை.
நீல டிரம் இரண்டு, குடம் ஏழு.
மீதிக்கெல்லாம் போர் தண்ணீர்;
அதில் அலசிய துணி காய்ந்தால் அப்பளம்.
மகளுக்குக் கட்டும் முன்
இரண்டு கையாலும் கசக்கி
என் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பேன்.

மாதேஸ்வரிக்கு ஓசூரில் வேலை.
கம்பெனி பஸ் நாலரைக்கு நாலு ரோட்டில் நிற்கும்.
சாயங்காலம் அவள் இறங்க, நான் கடைக்கு ஏறுவேன்.
பேறுகால விடுப்பு முடிந்த அன்று சொன்னாள்:
"டயப்பரே போட்டுடு.
நீ துவைக்கமாட்ட, எனக்குத் தெரியும்."
அந்த ஒரு வார்த்தைக்காகத் துவைக்க ஆரம்பித்தேன்.
கொள்கை ஒன்றுமில்லை. வீம்பு.

கல்யாண வேட்டியைக் கிழிக்க மனம் வரவில்லை.
உள்ளாட்சித் தேர்தலுக்குக் கொடுத்த
கரைவேட்டி இரண்டைக் கிழித்தேன். பதினாறு துண்டு.
எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்,
எல்லாக் கரையும் ஒரேமாதிரிதான் நனைகிறது.

துணிக்கு இரண்டு சொம்பு என்று தொடங்கினேன்.
மஞ்சள் கறைக்கு இன்னொன்று,
என் கைக்கு ஒன்று.
மூன்றாம் நாள் டிரம்முக்குள் குனிந்தால்
அடியில் என் முகம் கிடந்தது.
ஐப்பசி வேறு.
வானம் முழுக்கத் தண்ணீர், குழாயில் காற்று.
கொடியில் ஈரம், ஃபேனுக்கடியில் ஈரம்,
சூடான குக்கர் மூடிமேல் ஒன்றைப் போட்டுவிட்டு
மாதேஸ்வரி வருவதற்குள் எடுத்தேன்.
அவளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும்.

நாலாம் நாள் கடையிலிருந்தே
ஒரு பாக்கெட் எடுத்துவந்தேன், சம்பளத்தில் பிடித்தம்.
அன்றிரவு மூவரும் தூங்கினோம்.
விடிந்ததும் சுருட்டித்
தெருமுனைத் தொட்டியில் போட்டேன்.
நாயும் மழையும் சேர்ந்து அதைப் பிரித்து
எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தன.
ஊறி உப்பி, ஜவ்வரிசி கொட்டினாற்போல்
படியெங்கும் என் மகளின் இரவு.

கெம்பம்மா தள்ளுவண்டியை நிறுத்தினார்.
ஒரு கையில் உறை, மறு கையில் இல்லை.
நான் குனிவதற்குள் அள்ளிவிட்டார்.
"இந்தத் தெருவுல எத்தன கொழந்தைன்னு எனக்குத் தெரியும் தம்பி.
எதுக்கு வயித்தால போவுதுன்னும் தெரியும்.
உம் பாப்பாதான் கணக்குல வராமயே இருந்துச்சு.
தாயார் ஊருலயே விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்."
சிரித்தார். வண்டி நகர்ந்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பகலில் கரைவேட்டி.
இரவுக்கு ஒன்று, பஸ் ஏறினால் ஒன்று.
கழற்றியதைக் கக்கூஸில் தட்டிவிட்டு
பழைய பேப்பரில் பொதிந்து, நூல் கட்டி
தொட்டிக்குப் போகாமல் வண்டியிலேயே வைக்கிறேன்.
கடையிலிருந்து கையுறை ஒரு ஜோடி கொடுத்தேன்.
"வேர்க்குதுப்பா" என்று
இடுப்பில் செருகிக்கொண்டார்.

கடைக்கு வருகிறவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.
"ஒன்னு போதுமா?" அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி கொடியை எண்ணுகிறாள்.
பதினைந்து.
பதினாறாவது என் தோளில் கிடக்கிறது,
அதன் கரையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள் மகள்.
சாயம் போகிறதா என்று பார்க்கிறேன். இல்லை.
குழாய் இருமுகிறது.
இன்று ஐந்தாம் நாள்.